நெக் ஷேப்: தண்டி வடிவு

எலக்ட்ரிக் கிட்டாரில் இடக்கை பற்றும் நீண்ட பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், அதன் பின்புறம் எவ்வாறு வளைந்திருக்கிறதோ அதுவே ‘நெக் ஷேப்’ எனப்படுகிறது. ‘நெக் ப்ரொஃபைல்’ என்பதும் இதுவே. நெக் என்னும் ஆங்கிலச் சொல் முதலில் பிடரியை மட்டுமே குறித்தது. ப்ரொஃபைல் இத்தாலியிலிருந்து வந்த சொல்; நூல் எனப் பொருள்படும் ‘ஃபிலோ’ அதற்குள் இருப்பதால், ஓர் உருவின் விளிம்பை நூலிழைபோல் வரைவது என்பது அதன் பழம்பொருள்.

தமிழில் இதைக் ‘கழுத்து வடிவம்’ என எழுதுவோர் உண்டு. பொருள் விளங்கினாலும், மெட்டும் (விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பி) தந்தியும் உள்ள கருவிக்கு நம்மிடம் வழங்கும் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. யாழின் வளைந்த உறுப்பைச் சங்க நூல்கள் கோடு, மருப்பு என்று சொல்கின்றன. ஆனால் யாழுக்கு மெட்டு இல்லை. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களால் வீணைக்குப் பெயர்பெற்ற காரைக்குடியில், குடத்துக்கும் யாளிமுகத்துக்கும் இடையே மெட்டுகளைத் தாங்கும் பகுதி தண்டி எனப்படும். தண்டு என்பதோடு உறவுடைய சொல் இது. செட்டிநாட்டை உள்ளிட்ட தென்மாவட்டப் பேச்சில் ‘இந்தத் தண்டி’ என்றால் ‘இவ்வளவு பருமன்’ என்றும் பொருள். கிட்டார் வாங்குவோர் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். ஆகவே ‘தண்டி வடிவு’ என்பதே என் தேர்வு.

வீணையில் கட்டைவிரல் தண்டியின் பின்னே ஊன்றி நின்று பல தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டியதில்லை. கிட்டாரில் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க அது வேண்டியிருப்பதால்தான் பின்புற வளைவு இத்தனை முக்கியமாகிறது. தந்திகளின் இழுப்பைத் தாங்க ஒருகாலத்தில் மரமே பருமனாக இருக்க வேண்டியிருந்தது. 1920களில் கிப்சன் நிறுவனம் தண்டிக்குள் எஃகுக் கம்பியைப் பொருத்தத் தொடங்கிய பின்னரே மெலிந்த தண்டிகள் எளிதாயின.

வளைவுகளை ஆங்கில எழுத்துகளின் உருவத்தால் குறிப்பர். சி (C) சீரான அரைவட்டம் போன்றது. டி (D) முதுகு தட்டையானது. யு (U) தோள் அகன்று தடித்தது. வி (V) நடுவில் முகடு கொண்டது. 1960களில் ஃபெண்டர் நிறுவனம் செய்த தண்டிகளின் அடியில் அச்சிடப்பட்ட ஏ, பி, சி, டி எழுத்துகள் வளைவைக் குறிப்பன அல்ல. தந்திகள் தொடங்கும் ‘நட்’ பகுதியின் அகலத்தையே குறிப்பன. பழைய கிட்டார் தேடுவோர் பலர் இதில் குழம்புகின்றனர்.

கட்டைவிரலை மேல்விளிம்புக்கு வெளியே வைத்துத் தந்தியை வளைத்து வாசிப்பவருக்கு சி அல்லது மென்மையான வி பொருந்தும். கட்டைவிரலைப் பின்புற நடுவில் ஊன்றி விரல்களை அகல விரித்து விரைந்து வாசிப்பவருக்கு மெல்லிய டி ஏற்றது. சிறிய கைக்கு மெல்லிய தண்டிதான் என்று கடைகளில் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க முடியாது. மிக மெல்லிய தண்டியில் உள்ளங்கைக்குத் தாங்கல் கிடைக்காமல் கட்டைவிரல் வேலை கூடுவதால், ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பாரே கார்டை நெடுநேரம் பிடிக்கும் சிலருக்கு அதுவே வலி தருகிறது.

ஒரே சி என்ற பெயரில் இரு நிறுவனங்களின் தண்டிகள் வேறுபடுவதால், முதல் மெட்டிலும் பன்னிரண்டாம் மெட்டிலும் பருமன் எத்தனை மில்லிமீட்டர் எனக் கேட்பது நல்லது. முதல் மெட்டில் 19 என்றால் மெல்லியது, 21 நடுத்தரம், 23ஐ ஒட்டியது தடித்தது. கடையில் நின்றபடி ஒருமுறை தடவிப் பார்ப்பது போதாது. அமர்ந்து, கை களைக்கும்வரை கார்டு பிடித்துப் பார்க்க வேண்டும்.