வயலுக்குள் தொலைந்த கல்லறைகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா, டென்னசி பக்கத்துப் பழைய பண்ணைகளில், வீட்டில் யாராவது இறந்தால் சொந்த நிலத்திலேயே புதைப்பது வழக்கமாக இருந்தது. மேட்டு நிலத்தில் கொஞ்சம் ஒதுக்கி, தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். பெரும்பாலும் வயலில் கிடந்த கல்தான்; அதில் பெயர்கூட இருக்காது. அப்புறம் நிலம் கைமாறும், கல் சாயும், புதர் மூடும். கொள்ளுப்பேரர்கள் பழைய பத்திரத்தோடு வந்து நிற்கும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது.

முதல் துப்பு ஒரு கொடி. நீலப்பூ பூக்கும் வின்கா கொடியை அந்தக் காலத்தில் கல்லறைகளைச் சுற்றி நட்டார்கள். நிழலிலும் பச்சை மாறாமல் படரும். காட்டுக்குள் தனியாக ஒரு வின்கா படுகை இருந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். நம்மூர் நித்தியகல்யாணிக்கு அது நெருங்கிய சொந்தம். நித்தியகல்யாணிக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் உண்டு என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, மண்ணுக்கு அடியில் எதைத் தேடுவது? எலும்பை அல்ல. அமிலத்தன்மை உள்ள மண்ணில் நூறு ஆண்டில் அது கரைந்தே போயிருக்கலாம். தேடுவது வெட்டி மூடிய குழியை. தென்னம்பிள்ளைக்குக் குழி வெட்டியவர்களுக்கு இது புரியும். மேலே கறுப்பு மண், கீழே செம்மண் என்று அடுக்காக இருந்ததை வெளியே அள்ளிப்போட்டு மறுபடி தள்ளினால், இரண்டும் கலந்து பொலபொலவென்றுதான் கிடக்கும். பழைய அடுக்கு திரும்பி வராது. மழையில் அந்த மண் அமுங்கும். பிறகு மரப்பெட்டி உளுத்து மூடி உள்ளே விழும்போது இன்னும் இறங்கும். சாய்ந்த மாலை வெயிலில் அந்த நீள்சதுரப் பள்ளம் நிழலாகத் தெரியும்.

உழுது சமமான வயலில் பள்ளம் இருக்காது. அங்கே ரேடார் கருவியைத் தரையோடு தள்ளிக்கொண்டு போவார்கள். அது அனுப்பும் ரேடியோ அலை, மண்ணின் தன்மை மாறும் இடத்தில் எதிரொலித்துத் திரும்பும்; எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். கிறித்தவ வழக்கப்படி தலை மேற்கே, கால் கிழக்கே. அதனால் கருவியை வடக்குத் தெற்காக வரிவரியாக ஓட்டினால் ஒவ்வொரு குழியையும் குறுக்கே வெட்டும். திரையில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைவு வரும். பக்கத்து வரியிலும் அதே இடத்தில் வந்தால் நம்பலாம். ஒரே வரியோடு நின்றுவிட்டால் அது பாறையாகவோ மர வேராகவோ இருக்கலாம்.

ஈரக் களிமண் மட்டும் ரேடாரை விழுங்கிவிடும். அப்போது மேல்மண்ணை மெல்லச் சீவிப் பார்ப்பதுதான் வழி. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில், அடிமைகளாக வாழ்ந்தவர்களின் இடுகாட்டை 2001-இல் அப்படித்தான் உறுதிசெய்தார்கள். குழிகளின் விளிம்பு தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்; உள்ளே இருந்தவர்களைத் தொடவில்லை.

குழந்தைகளின் குழிதான் எளிதில் தப்பிவிடும். சின்னது, ஆழமும் குறைவு. அரை மீட்டருக்கு ஒரு வரி ஓட்டுகிறவர்கள், அவர்களுக்காகவே கால் மீட்டருக்கு ஒரு வரி என்று நெருக்கி ஓட்டுவார்கள்.