வெண்ணெய்ப் பழ டோஸ்ட்டும் இரண்டு செம்பு அணுக்களும்

வெண்ணெய்ப் பழத்தை (அவகாடோ) மசித்து டோஸ்ட்டில் தடவிவைத்தால் கொஞ்ச நேரத்திலேயே பச்சை மங்கிப் பழுப்பேறிவிடுகிறது, கொட்டையை எடுக்காமல் கலவைக்குள்ளேயே போட்டுவைத்தால் கறுக்காது என்கிறார்களே, உண்மையா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. கொட்டைக்கு அப்படி எந்தச் சக்தியும் கிடையாது. பாதிப் பழத்தில் கொட்டையை விட்டுவைத்தால், அது ஒட்டியிருக்கும் குழி மட்டும் பச்சையாக இருக்கும். சுற்றிலும் உள்ள சதை வழக்கம்போலக் கறுத்துவிடும். அந்தக் குழிக்குள் காற்று போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதே அளவு பந்து ஒன்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அங்கே அழுத்திவைத்தாலும் அதே பலன் கிடைக்கும். இன்னொன்றையும் செய்து பாருங்கள்: கொட்டையையே துருவிக் காற்றில் வையுங்கள். வெளிர் மஞ்சளாக இருந்த துருவல் சற்று நேரத்தில் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். சதையைக் கறுக்க வைக்கும் அதே வகை நொதி கொட்டைக்குள்ளும் இருக்கிறது. தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாத கொட்டை, சதையை எப்படிக் காப்பாற்றும்? பத்து நிமிடத்தில் சோதித்துவிடக்கூடிய ஒரு விஷயத்தை யாரும் சோதிக்காமலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போவது எனக்கு வருத்தம் தருகிறது. சமையலறையைப் போல எளிதான ஆய்வகம் வேறு எங்கே கிடைக்கும்?

சரி, கறுப்பது எப்படி?

பழத்தின் ஒவ்வொரு செல்லிலும் ஃபீனால் வகைச் சேர்மங்கள் வாக்குவோல் என்னும் நீர்ப்பையில் இருக்கின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, செல்லுக்குள்ளேயே கணிகங்கள் என்னும் வேறு சிறு உறுப்புகளுக்குள் இருக்கிறது. ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் கதவை மூடிக்கொண்டு இருப்பவர்களைப் போல, செல் முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதே இல்லை. கத்தி பட்டால் சுவர்கள் உடைகின்றன, இரண்டும் கலக்கின்றன, காற்றிலிருந்து ஆக்சிஜனும் வந்து சேர்கிறது. நொதி ஃபீனாலைக் குயினோனாக மாற்றுகிறது. குயினோன்கள் சும்மா இருக்காது. ஒன்றோடொன்றும், பக்கத்தில் இருக்கும் புரதங்களோடும் பிணைந்து, நீண்டு, பழுப்பு நிற மெலனின்களாகத் திரண்டுவிடுகின்றன. ஆப்பிள், வாழைப்பழம், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இதில் நடுவில் இருக்கும் அந்த நொதியைத்தான் நான் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட பெரிய புரதம் அது. ஆனால் உண்மையான வேலை நடப்பது அதன் நடுவே இருக்கும் ஒரு சிறு பள்ளத்தில். அங்கே இரண்டு செம்பு அணுக்கள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொரு செம்பையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று, மூன்று பக்கமும் பிடித்திருக்கின்றன. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்தால், இந்த இரண்டு செம்புக்கும் குறுக்கே படுத்தவாக்கில் பொருந்திக்கொள்கிறது. சாதாரணமாக ஆக்சிஜன் மந்தமான ஆசாமி. காற்று முழுக்க நிறைந்திருந்தும் எதையும் அவ்வளவு எளிதில் எரித்துவிடுவதில்லை. இரண்டு செம்புக்கும் இடையில் மாட்டிக்கொண்டதும் அதன் இரு அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு தளர்கிறது. அந்த நிலையில் ஒரு ஃபீனால் மூலக்கூறு பள்ளத்துக்குள் வந்தால் அதனிடமிருந்து இரண்டு எலெக்ட்ரான்களும் இரண்டு ஹைட்ரஜன்களும் பறிபோகின்றன. அடுத்த ஃபீனாலும் அப்படியே. பறித்த ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆக்சிஜன் தண்ணீராக வெளியேறுகிறது. ஃபீனால்கள் குயினோன்களாக வெளியேறுகின்றன. செம்புகள் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த ஆக்சிஜனுக்குத் தயாராகின்றன. நொதி கொஞ்சமும் செலவாவதில்லை. அதனால்தான் துளி நொதி இருந்தாலும் கிண்ணம் முழுக்கக் கறுக்கிறது.

இதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. நண்டு, ஆக்டோபஸ், சிலந்தி இவற்றின் ரத்தம் நீல நிறம். நமக்கு ஹீமோகுளோபின் செய்யும் ஆக்சிஜன் சுமக்கும் வேலையை அவற்றுக்கு ஹீமோசயனின் செய்கிறது. அதன் நடுவிலும் இதே இரண்டு செம்பு, இதே ஆறு ஹிஸ்டிடின், இதே குறுக்குவாட்டு ஆக்சிஜன்! வித்தியாசம் ஒன்றுதான். ஹீமோசயனினில் அந்தப் பள்ளத்துக்குள் ஃபீனால் போன்ற பெரிய மூலக்கூறு நுழைய வழியில்லை. ஆகவே பிடித்த ஆக்சிஜனை அப்படியே சுமந்துபோய்த் தேவையான இடத்தில் விட்டுவிடுகிறது. பழத்தில் வழி திறந்திருக்கிறது. ஆகவே அங்கே வேதிவினை நடக்கிறது. நம் உடலிலும் டைரோசினேஸ் என்ற பெயரில் இதன் உறவுக்கார நொதி இருக்கிறது. தோலுக்கும் தலைமுடிக்கும் நிறம் தரும் மெலனினைத் தொடங்கிவைப்பது அதுதான். பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாதவர்களுக்கு அல்பினிசம் என்னும் வெண்மை நிலை ஏற்படுகிறது. ரொட்டியில் தடவிய பழம் கறுப்பதும், ஆக்டோபஸ் ஆழ்கடலில் மூச்சுவிடுவதும், நம் முடி கறுப்பாக இருப்பதும் ஒரே செம்பு ஜோடியின் கைவேலை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரவசமாக இருக்கிறது.

தாவரத்துக்கு இதனால் என்ன லாபம்? தன்னைக் கடிக்கும் பூச்சிக்கான பதிலடி இது. கடித்த இடத்தில் குயினோன்கள் உண்டாகிப் புரதங்களைப் பிணைத்து, இலையின் சத்தைப் பூச்சிக்குச் செரிக்காதபடி ஆக்குகின்றன, கிருமிகளையும் தடுக்கின்றன. நம் கத்தியையும் பழம் ஒரு பெரிய பூச்சியாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சீக்கிரம் கறுக்காது என்பது மட்டும் உண்மை. ஆனால் அது ஒரே காரியத்தைச் செய்வதில்லை. முதலில் அமிலம். வெண்ணெய்ப் பழத்தின் சதை கிட்டத்தட்ட நடுநிலை, பிஎச் 6-க்கு மேல் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). நொதிக்குப் பிடித்த இடம். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில். அந்த அமிலத்தில் ஹிஸ்டிடின்கள் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்ள, செம்பின் மீதிருந்த பிடி தளர்கிறது. சிட்ரிக் அமிலமும் செம்பைத் தன் பக்கம் இழுக்கிறது. நொதி முடங்குகிறது. இரண்டாவது, வைட்டமின் சி. இது நொதியோடு பெரிதாகச் சண்டை போடுவதில்லை. நொதி உருவாக்கிய குயினோனை உடனுக்குடன் மீண்டும் ஃபீனாலாகவே மாற்றிவிடுகிறது. நொதி செய்யச் செய்ய இது அழித்துக்கொண்டே வரும். நிறம் தோன்ற வழியே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வைட்டமின் சி செலவாகிறது. தீர்ந்ததும் கறுக்கத் தொடங்கும். திரண்டுவிட்ட மெலனினை அதனால் திருப்பவும் முடியாது. ஆகவே சாறு பிழிவதாக இருந்தால் மசிக்கும்போதே பிழிய வேண்டும். கறுத்த பிறகு பிழிந்து பயனில்லை.

இந்த இடத்தில் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த இவர் 1920-களில் நெதர்லாந்தின் கிரோனிங்கனில் வேலை பார்த்தபோது, வெட்டினால் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் ஏன் பழுப்பாகின்றன, எலுமிச்சையும் ஆரஞ்சும் ஏன் ஆவதில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தார். நீல நிறம் தரும் ஒரு சோதனையில் ஆரஞ்சு வகைப் பழச் சாற்றைச் சேர்த்தால் நிறம் ஒரு கணம் தாமதித்தே வருவதைக் கவனித்தார். வெறும் ஒரு கணம். சாற்றில் ஏதோ ஒன்று ஆக்சிஜனேற்றத்தைத் திருப்பிவிடுகிறது, அது தீர்ந்த பின்தான் நீலம் வருகிறது என்று புரிந்துகொண்டார். அட்ரீனல் சுரப்பி பழுதானால் வரும் அடிசன் நோயில் மனிதத் தோல் பழுப்பேறுவதும் அவர் நினைவுக்கு வந்தது. அட்ரீனல் சுரப்பியில் தேடினார். அதே பொருள் அங்கேயும் இருந்தது. 1928-இல் கேம்பிரிட்ஜில் இருந்தபடி அதைப் பிரித்தெடுத்து அறிவித்தார். அது வைட்டமின் சிதான் என்பது 1932-இல் உறுதியானது. ஆய்வுக்கு அது நிறையத் தேவைப்பட்டபோது கைகொடுத்தது, ஹங்கேரியின் செகெட் நகரில் விளைந்த சிவப்பு மிளகாய். ஓர் இரவு மனைவி சாப்பாட்டில் பரிமாறிய அந்த மிளகாயைச் சாப்பிட மனமில்லாமல் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். அன்று நள்ளிரவுக்குள்ளேயே அது வைட்டமின் சி நிறைந்த சுரங்கம் என்று தெரிந்துவிட்டது. 1937-இல் நோபல் பரிசு.

உருளைக்கிழங்கு ஏன் கறுக்கிறது என்று ஆராயப் போகிறேன், பணம் கொடுங்கள் என்று இன்று ஓர் இளம் ஆய்வாளர் விண்ணப்பித்தால் என்ன ஆகும்? சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன என்ற கட்டத்தில் எழுத அவரிடம் ஒன்றும் இருக்காது. வைட்டமின் சி குறைவால் வந்து, நூற்றாண்டுகளாக மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் மூலக்கூறு, இப்படி யாரும் கேட்காத கேள்வியின் வழியாகத்தான் கைக்கு வந்தது. பயன் தெரிந்த ஆய்வுக்கு மட்டும் நிதி என்பது மிகக் குறுகிய கணக்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆர்வத்துக்காகச் செய்யும் ஆய்வுக்கென்று ஒரு பங்கை, கேள்வி கேட்காமல், ஒதுக்கியே ஆக வேண்டும்.

இப்போது டோஸ்ட்டுக்கு வருவோம். ரொட்டி சிவப்பதும் ஒரு பழுப்பேற்றம்தான், ஆனால் நொதிக்கு அதில் வேலையில்லை. மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மெயிலார்ட்டின் பெயரால் மெயிலார்ட் வினை என்கிறோம். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், கருகக் கருக அக்ரிலமைடு என்னும் தீங்கு தரக்கூடிய சேர்மம் கூடும். எடுத்ததும் தட்டில் படுக்கவைக்காமல் சற்றே நிமிர்த்தி வைத்தால் ஆவி வெளியேறி மொறுமொறுப்பு நிற்கும்.

பழம் மரத்தில் இருக்கும்வரை கனியாது. பறித்த பிறகு, பழங்களே வெளியிடும் எத்திலீன் வாயுவின் தூண்டுதலில்தான் மென்மையாகும். காயாக இருந்தால் வாழைப்பழத்தோடு ஒரு காகிதப் பையில் போட்டு வையுங்கள், சீக்கிரம் பழுத்துவிடும்.

மசிப்பதில்தான் கவனம் வேண்டும். விழுதாக அரைத்தால் ஏறக்குறைய எல்லாச் செல்லும் உடையும். நொதியும் ஃபீனாலும் முழுதாகக் கலக்கும். முள்கரண்டியால் ஒன்றிரண்டாக மசித்தால் பாதிச் செல்கள் தப்பிக்கும். கூரிய கத்தியால் துண்டுகளாக வெட்டி அடுக்கினால் இன்னும் நல்லது. மழுங்கிய கத்தி வெட்டுவதைவிட நசுக்குவதே அதிகம். சாற்றோடு ஒரு சிட்டிகை உப்பும் இப்போதே சேரட்டும். உப்பிலுள்ள குளோரைடு, அமிலச் சூழலில் இந்த நொதியை நன்றாகவே தடுக்கும். பொடியாக நறுக்கிய வெங்காயமும் உதவும், அதன் கந்தகச் சேர்மங்களுக்கும் அந்தக் குணம் உண்டு. அப்புறம் தக்காளி, துருவிய கேரட், சிவப்புக் குடைமிளகாய், வெள்ளரி. இவற்றின் மேல் மட்டும் உப்பைப் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். முன்பே தூவினால் சவ்வூடு பரவலில் நீர் வெளியேறி ரொட்டி நமத்துவிடும்.

காய்கறிகளைப் பழத்தோடு சேர்ப்பதில் ருசியைத் தாண்டிய ஒரு நியாயமும் இருக்கிறது. கேரட்டின் பீட்டா கரோட்டின், தக்காளியின் லைக்கோபீன் என்னும் நிறச்சத்துகள் நீரில் கரையாதவை; கொழுப்போடு போனால்தான் குடல் அவற்றை ஒழுங்காக உறிஞ்சும். 2005-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காய்கறி சாலட்டில் 150 கிராம் வெண்ணெய்ப் பழம் சேர்த்துக் கொடுத்தபோது பீட்டா கரோட்டின் உறிஞ்சப்படுவது 15 மடங்கு உயர்ந்தது. தக்காளி சல்சாவில் சேர்த்தபோது லைக்கோபீன் 4.4 மடங்கு. ஒவ்வொரு சோதனையிலும் 11 பேர்தான் பங்கேற்றார்கள் என்பதால் அந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். கொழுப்பு வேண்டும் என்ற அடிப்படையில் சந்தேகமில்லை. இந்தப் பழத்தின் சதையில் ஏறக்குறைய 15 சதவீதம் கொழுப்பு.

மீதிப் பாதிப் பழத்துக்கு: வெட்டிய முகத்தில் எலுமிச்சைச் சாறு தடவி, பிளாஸ்டிக் தாளைக் காற்று இடைவெளி இல்லாமல் சதையோடு ஒட்டிப் போர்த்தி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் மேலே மெல்லிய பழுப்புப் படலம் இருந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம். சற்றுக் கசக்கும், கெடுதல் இல்லை. பழத்தைத் தண்ணீரில் மூழ்கவைத்தால் நாள்கணக்கில் பச்சையாகவே இருக்கும் என்று பரவும் யோசனையை மட்டும் பின்பற்றாதீர்கள். ஆக்சிஜன் குறைவதால் நிறம் நிற்கும் என்பது சரிதான். ஆனால் தோலில் லிஸ்டீரியா, சால்மோனெல்லா கிருமிகள் இருந்தால் அந்தத் தண்ணீரில் அவை பெருகும். 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இதற்கு எதிராக எச்சரித்தது. அதே அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த தோல் மாதிரிகளில் 17 சதவீதத்துக்கும் மேல் லிஸ்டீரியா இருந்தது. தோலைத் தின்னப்போவதில்லை என்றாலும் கத்தி தோலைக் கடந்துதான் சதைக்குள் போகிறது. ஆகவே நறுக்கும் முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துவிடுங்கள்.