பஸ்ஸர்: சத்தமே போடாத தூண்டில்

பஸ்ஸர் என்றதும் வினாடி வினா மேடைதான் நம் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் ஏரிக்கரைகளில் அது ஒரு பூச்சியின் பெயர். அந்தப் பூச்சியைப் போலச் செய்து ட்ரவுட் மீனுக்குப் போடும் தூண்டிலுக்கும் அதே பெயர்தான்.

பூச்சி, கைரோனாமிட் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்வைக்குக் கொசு, ஆனால் கடிக்காது. மாலையில் கரையோரம் கூட்டமாகப் பறக்கும்போது எழும் ரீங்காரத்தால் இந்தப் பெயர் வந்தது. ஏரியடிச் சேற்றில் புழுவாக வளர்ந்து, பிறகு கூட்டுப்புழுவாகி, மெல்ல மேலேறி, நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே தொங்கும். தலையில் வெண்ணிறச் சுவாச இழைகள் இருக்கும். ட்ரவுட் வயிறு நிறையத் தின்பது இந்தப் பருவத்தில்தான்.

இதைத் தூண்டிலில் கொண்டுவந்த முன்னோடி டாக்டர் ஹோவர்ட் பெல். சாமர்செட்டில் உள்ள பிளாக்டன் நீர்த்தேக்கத்தில் 1904 முதலே ட்ரவுட் பிடித்துவந்தார்கள். பெரிய, பகட்டான தூண்டில்களே வழக்கம். முதல் உலகப் போருக்குப் பின் அந்தப் பக்கத்தில் மருத்துவராக இருந்த பெல், பிடித்த மீனின் வயிற்றை அறுத்து உள்ளே இருப்பதைப் பார்த்தார். மருத்துவர் புத்தி! பார்த்ததையே தூண்டில் முள்ளில் கட்டினார்: கறுப்புக் கம்பளி நூலில் உடல், அதன்மேல் பொன்னிறச் சரிகைச் சுற்று, தலையில் வெள்ளை இழைக் குஞ்சம்.

இன்று கட்டுபவர்கள் வளைந்த முள்ளை எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு நூலை முள்ளின் காதிலிருந்து வளைவு வரை சுற்றி, மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சேர்த்துக் கட்டி, நூலோடு திரும்பி வரவேண்டும். வால் பக்கம் ஒல்லியாகவும் மார்புப் பக்கம் சற்றே தடித்தும் இருப்பது முக்கியம். கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினால் உடல் வளையங்கள் தெரியும். மார்புக்கு மயில் இறகின் இழை, தலைக்கு வெள்ளை இழை, கடைசியில் வார்னிஷ். குண்டாகக் கட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. நீரில் இதை, இழுப்பதே தெரியாத அளவுக்கு மெதுவாக இழுக்கவேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘ரீங்கார ஈ’ என்றால் சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குப் பொருந்தாது. ரீங்காரம் சிறகு முளைத்த பூச்சியுடையது. தூண்டில் காட்டுவதோ சிறகில்லாத, ஓசையற்ற பருவம். ‘கூட்டுப்புழுத் தூண்டில்’ என்பதே என் தேர்வு. மீன் எதைக் கண்டு ஏமாறுகிறதோ அது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பேச்சில் பஸ்ஸர் என்றே வழங்கட்டும்; கட்டுரையில் முதல் முறை வரும்போது இந்தச் சொல்லைச் சேர்த்து எழுதினால் போதும்.