எஃபெமெரிஸ்: கோள்நிலைக் குறிப்பு

ஜிபிஎஸ் கருவிகளைப் பற்றிப் படிக்கும்போது அல்மனாக், எஃபெமெரிஸ் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்குமே 'பஞ்சாங்கம்' என்று போட்டிருக்க வாய்ப்புண்டு. கல்யாணத்துக்கு நாள் பார்க்க அது போதும், நிலம் அளக்கப் போதாது.

எஃபெமெரிஸ் கிரேக்கச் சொல். 'ஹெமெரா' என்றால் நாள். அன்றன்றைக்கு எழுதிவைக்கும் ஏடு என்பது மூலப்பொருள். இன்றைய கிரேக்க மொழியில் செய்தித்தாளுக்கும் இதே வேரிலிருந்து வந்த 'எஃபிமெரிதா'தான் பெயர். எந்த நாளில் எந்தக் கோள் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கணித்த அட்டவணைக்கு வானியலார் இந்தப் பெயரை வைத்தார்கள். ஜெர்மானியரான ரெஜியோமொன்டானஸ் 1474இல் அப்படியொன்றை அச்சிட்டார். ஜமைக்காவில் மாட்டிக்கொண்ட கொலம்பஸ் 1504 பிப்ரவரி 29 சந்திர கிரகணத்தை முன்கூட்டியே சொல்லி உள்ளூர் மக்களை மிரட்டியதும் இத்தகைய அச்சு அட்டவணையைப் பார்த்துத்தான். அல்மனாக் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல். அதன் வேர் எது என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை.

ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஓடும் செயற்கைக்கோளிலிருந்து நம் இருப்பிடத்தைக் கணிக்க வேண்டுமானால், சமிக்ஞை கிளம்பிய நொடியில் அது எங்கே இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் செயற்கைக்கோளே சொல்கிறது, ஆனால் நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில். அது அனுப்பும் செய்தியின் ஒரு முழுத் தொகுதிக்குச் சட்டகம் என்று பெயர். ஒரு சட்டகம் 1500 பிட். ஒலிபரப்பி முடிக்க 30 நொடி. அதில் ஐந்து உறுப்புகள். (பஞ்ச அங்கம்! யாரும் திட்டமிட்டதில்லை.) முதல் உறுப்பில் கடிகாரத் திருத்தம், இரண்டிலும் மூன்றிலும் அந்தச் செயற்கைக்கோளின் சொந்த எஃபெமெரிஸ், கடைசி இரண்டில் எல்லாச் செயற்கைக்கோள்களின் அல்மனாக், துண்டுதுண்டாக. அல்மனாக் முழுதும் வந்து சேர 25 சட்டகம், அதாவது 12½ நிமிடம்.

அல்மனாக் தோராயமானது. இப்போது தலைக்கு மேலே யார் யார் என்று தெரிந்துகொள்ள உதவும், வாரக்கணக்கில் தாங்கும். எஃபெமெரிஸ் துல்லியமானது, ஆனால் சீக்கிரம் ஊசிப்போகும். வழக்கமாக 2 மணி நேரத்துக்கொருமுறை புதிது வரும். 4 மணி நேரமானால் பழையதை நம்பக் கூடாது. நெடுநாள் அணைத்துவைத்த கருவி திறந்ததும் திணறுவது இதனால்தான். கைபேசிக்கு அந்தத் தொல்லை குறைவு. எஃபெமெரிஸை அது செல்பேசி வலைப்பின்னல் வழியே வாங்கிக்கொள்கிறது.

ஒலிபரப்பாகும் எஃபெமெரிஸில் ஒரு மீட்டர் அளவுக்குப் பிழை இருக்கலாம். 1994 முதல் இயங்கும் ஐஜிஎஸ் என்ற பன்னாட்டுச் சேவை, உலகெங்கும் உள்ள நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துச் சுமார் 2.5 சென்டிமீட்டர் துல்லியத்தில் எஃபெமெரிஸை வெளியிடுகிறது. இறுதிப் பதிப்புக்கு இரண்டு வாரம்போல் ஆகும். நிலத்தட்டுகளின் நகர்வை அளப்பவர் காத்திருப்பார். வயலில் டிராக்டர் ஓட்டுபவருக்கு அது கட்டுப்படியாகாது.

இனி தமிழ்ச் சொல். 'நாட்குறிப்பு' நேர்ப்பொருள்தான், ஆனால் அது டைரிக்குப் போய்விட்டது. 'சுற்றுப்பாதைத் தரவு' என்றால் அல்மனாக்கும் அதுதானே? 'நாளும் கோளும்' என்ற நம் பழைய இணையில் நாள் என்பது நட்சத்திரம். கோள் என்பது இடம்விட்டு இடம் நகர்வது. சேட்டிலைட்டைச் செயற்கைக்கோள் என்று ஏற்கெனவே அழைக்கும் நமக்கு, எஃபெமெரிஸுக்குக் 'கோள்நிலைக் குறிப்பு' பொருந்துகிறது.

பஞ்சாங்கத்தை அல்மனாக்குக்கே விட்டுவிடலாம். 248 நாளுக்கான சந்திரன் நிலையை வாக்கியங்களாக மனப்பாடம் செய்து, சோழிகளை வைத்துக் கிரகணம் கணித்தார்கள் நம் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள். ஜான் வாரன் என்ற வானியலாளர் 1825இல் இதைப் பதிவு செய்திருக்கிறார். நெடுநாள் தாங்கும், கொஞ்சம் பிசகும் கணக்கு அது. ஆகவே கருவி திணறும்போது இப்படிச் சொல்லலாம்: "பஞ்சாங்கம் இருக்கு சார், கோள்நிலைக் குறிப்புதான் இன்னும் வந்து சேரல."