குட்டியானைக்கு ஸ்கூட்டர் பாலிசி

பீளமேட்டில் கூரியர் ஏஜென்சி நடத்தும் தம்பி ஒருவர், தன் குட்டியானைக்கு, அதாவது சின்ன சரக்கு வண்டிக்கு, இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்திருந்தார். நான் சொன்ன தொகையைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்ணா, டபுளாச் சொல்றீங்க? போன வருசம் ஒம்பதாயிரத்துக்கே போட்டுக் குடுத்தாங்களே."

"யாருப்பா போட்டது?"

"வாட்ஸ்அப்ல கோட்டேஷன் அனுப்புவாருங்ணா. ஆர்டிஓ ஆபீஸ் பக்கம்னு சொன்னாரு. நேர்ல பார்த்ததில்லீங்க."

மோட்டார் இன்சூரன்ஸில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். ஒன்பதாயிரம் என்றதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வாடகை சரக்கு வண்டிக்கு, 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, தேர்டு பார்ட்டி பிரீமியம், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான பகுதி மட்டுமே 16,049 ரூபாய். ஜிஎஸ்டி தனி. இந்த விகிதத்தைக் கம்பெனிகள் வைப்பதில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயைக் கலந்துகொண்டு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே தொகைதான். என் கமிஷனை விட்டுக்கொடுத்துக் குறைக்கிறேன் என்று நான் சொன்னால் அதுவும் குற்றம். இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது.

பழைய பாலிசியை போனில் காட்டச் சொன்னேன். பார்வைக்குக் குறையே இல்லை. கம்பெனி லோகோ, பாலிசி எண், க்யூஆர் கோடு எல்லாம் இருந்தன. வண்டி எண்ணும் இவருடையதுதான். ஆனால் சரக்கு வண்டி பாலிசியில் இருக்க வேண்டிய மொத்த எடை எங்கேயும் இல்லை. இருக்கை எண்ணிக்கை 2 என்று இருந்தது, சரி. அடுத்த பக்கத்தில், வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பத்தியில்தான் ஆள் மாட்டினார். வாடகைக்கு ஓட்டக் கூடாது, சொந்த லக்கேஜும் சாம்பிளும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்று அதில் இருந்தது. சரக்கு வண்டிக்கு, சரக்கு ஏற்றாதே என்று ஒரு பாலிசி! க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். கம்பெனியின் பக்கம் திறந்தது. வாகன வகை: இருசக்கர வாகனம்.

நடந்தது இவ்வளவுதான். 75 சிசிக்குக் கீழ் உள்ள ஸ்கூட்டருக்குத் தேர்டு பார்ட்டி 538 ரூபாய். குட்டியானையின் பதிவு எண்ணை ஆன்லைனில் ஸ்கூட்டர் என்று போட்டு நிஜமாகவே ஒரு பாலிசி வாங்குகிறார்கள். வந்த பிடிஎஃப்பில் வாகன வகையையும் பிரீமியத்தையும் மாற்றி, ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அதனால் பாலிசி எண் இருக்கிறதா, தேதி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் பிடிபடாது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் பாலிசியை எடுத்து, வாகன வகை, என்ஜின் எண், சேஸிஸ் எண் மூன்றையும் ஆர்சியோடு வைத்துப் பாருங்கள்.

அந்த வண்டி ஒரு வருஷம் இன்சூரன்ஸே இல்லாமல் அவிநாசி ரோட்டில் ஓடியிருக்கிறது. போலீஸ் பிடித்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அதைக் கட்டிவிடலாம். யாராவது அடிபட்டு இறந்திருந்தால் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. மொத்தமும் உரிமையாளர் தலையில்தான் விழும்.

பைக்கில் டெலிவரி செய்கிறவர்களுக்கும் அந்தப் பயன்பாட்டுப் பத்தியைக் காட்ட வேண்டியிருக்கிறது. இவர்களிடம் இருப்பது போலி பாலிசி அல்ல, அசல்தான். ஆனால் வெள்ளை போர்டு பைக்கின் பாலிசியிலும் அதே வாசகம் இருக்கிறது. முதுகில் பார்சல் பையோடு விழுந்து வண்டி நொறுங்கினால், கம்பெனி அந்த வரியைக் காட்டி கிளெய்மை மறுக்க இடமிருக்கிறது. கோட்டேஷன் கேட்கும்போதே, "இந்த வண்டியில் கூலிக்கு பார்சல் டெலிவரி செய்கிறேன், கவர் ஆகுமா?" என்று கம்பெனிக்கு ஈமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போனில் சொல்லும் "அதெல்லாம் ஆகும்" கிளெய்ம் நேரத்தில் செல்லாது. நான் சொன்னாலும் செல்லாது. டெலிவரி ஆப் கொடுக்கும் விபத்துக் காப்பீடு ஓட்டுகிறவரின் உடம்புக்கு; வண்டிக்கும் எதிரே வந்தவருக்கும் அது ஆகாது. உள்ளே இருக்கும் பார்சலுக்கும் மோட்டார் பாலிசி பொறுப்பேற்காது. அதற்கு வேறு பாலிசி உண்டு. கடலே இல்லாத கோயம்புத்தூரிலும் அதற்கு மரைன் என்றுதான் பெயர்.

சரி, நாலு கோட்டேஷன் வாங்கி ஒப்பிடுவதில் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது, சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில். அங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். அதிலும் முதலில் ஐடிவியைப் பாருங்கள், அதாவது வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பை. ஒருவர் மூன்று லட்சத்துக்கும் இன்னொருவர் இரண்டே கால் லட்சத்துக்கும் போட்டிருந்தால், இரண்டாமவர் சொல்லும் விலை மலிவு அல்ல, அளவு குறைவு. அடுத்து நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி. போன வருஷம் கிளெய்ம் வாங்கியிருந்தும் வாங்கவில்லை என்று போட்டு 20 சதவீதம் குறைத்துக் காட்டுவார்கள். பொய் ஏஜென்ட் சொன்னது என்றாலும் கையெழுத்து உங்களுடையது.

பணம் கட்டும் இடத்தில் கறாராக இருங்கள். யுபிஐயில் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் இன்சூரன்ஸ் கம்பெனியுடையதாகவோ, ஐஆர்டிஏஐ பட்டியலில் உள்ள புரோக்கருடையதாகவோ இருக்க வேண்டும். தனி ஆள் பெயர் வந்தால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதமானால் பணத்தை வங்கியில் நிறுத்துவது கஷ்டம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனில் இன்னொரு பிடிஎஃப்பைத் தேடி எடுத்தார்.

"வீட்ல ஸ்கூட்டி இருக்குதுங்ணா. அதுக்கும் அவருதான் போட்டுக் குடுத்தாரு. மொதல்ல அதைத்தான் போட்டோம்."

ஸ்கேன் செய்து பார்த்தேன். 110 சிசி, 714 ரூபாய், ஜிஎஸ்டியோடு 843. என்ஜின் எண்கூட சரியாக இருந்தது. அது அசல்.

"அதனாலதாங்ணா நம்பினேன்" என்றார்.