பனிமனிதன் அல்ல, ஐஸ்கட்டிக்காரர்

போன மாதம் அத்தையோடு உட்கார்ந்து ஒரு பழைய அமெரிக்கப் படத்தைத் தமிழில் பார்த்துக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் ஒரு சமையலறை. ஜன்னலை எட்டிப் பார்த்த பெண், உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கிறாள்: "பனிமனிதன் வந்துவிட்டான்!" அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருடா, இமயமலையில குரங்கு மாதிரி அலையுதுன்னு சொல்வாங்களே, அதுவா?" அடுத்த நொடி கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் வந்தார். தோளில் தோல் விரிப்பு, கையில் பெரிய இரும்பு இடுக்கி, இடுக்கியின் வாயில் தண்ணீர் சொட்டும் ஐஸ் பாளம். "அட, ஐஸ்காரன்!" என்றார் அத்தை. மொழிபெயர்ப்பாளர் கோட்டைவிட்டதை எழுபத்தெட்டு வயது அத்தை ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

முதல் தடவை கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்தப் பனிமனிதனை நான் வசன வரியில் பார்த்திருக்கிறேன், மொழிபெயர்ப்புக் கதையில் பார்த்திருக்கிறேன், இப்போது காதாலும் கேட்டாயிற்று. அதனால்தான் இந்த விளக்கம்.

ஆங்கிலத்தில் 'ஐஸ்மேன்' என்றால் வீடு வீடாக ஐஸ் கொண்டுவந்து போடுகிறவர். அவ்வளவுதான். 'ஐஸ்' பழைய ஆங்கிலச் சொல். 'மேன்' அங்கே மனிதன் இல்லை, தொழிலைக் காட்டும் வால். நம்மிடம் அந்த வேலையைச் செய்வது 'காரர்'. இது வடமொழி 'கார'த்திலிருந்து வந்தது என்பார்கள், இல்லை நம்முடையதே என்று சண்டைக்கு வருவோரும் உண்டு. எங்கிருந்து வந்தால் என்ன? பால்காரர், வண்டிக்காரர், கீரைக்காரம்மா என்று தெருவையே கட்டி ஆளுகிறது. 'போஸ்ட்மேன்' வந்தபோது நம் பாட்டன்மார் 'தபால் மனிதன்' என்றா சொன்னார்கள்? தபால்காரர் என்றார்கள், வேலை முடிந்தது. சிலந்தி மனிதனும் இரும்பு மனிதனும் திரையில் குதித்த பிறகுதான் 'மேன்' என்று கண்டாலே 'மனிதன்' என்று தட்டும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களைத் தொற்றிக்கொண்டது என்பது என் சந்தேகம்.

அதோடு 'பனிமனிதன்' காலியான நாற்காலியும் இல்லை. அத்தை சொன்ன இமயமலைக் குரங்கு, 'யெட்டி', ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருக்கிறது. குளிர்நாட்டுப் பிள்ளைகள் கேரட் மூக்கு வைத்துச் செய்யும் பொம்மைக்கும் அதே பெயர். 1991இல் இத்தாலி, ஆஸ்திரிய எல்லை மலையில் உறைந்த நிலையில் கிடைத்தாரே ஒருவர், சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தையவர், அவரையும் ஆங்கிலத்தில் 'ஐஸ்மேன்' என்றுதான் சொல்கிறார்கள். அவரைப் பனிமனிதன் என்று எழுதினால் நான் வாய் திறக்க மாட்டேன். இடுக்கியோடு படியேறி வருகிறவரையும் அதே பெயரால் கூப்பிடுவதுதான் பொறுக்கவில்லை.

சரி, தவறு என்று ஒப்புக்கொண்டவர்கள் என்ன மாற்று தருகிறார்கள்? 'பனிக்கட்டி விநியோகஸ்தர்.' விநியோகஸ்தர் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? எனக்குச் செங்கல்பட்டு ஏரியாவுக்குப் படம் வாங்கும், வெள்ளைச் சட்டை போட்ட முதலாளிதான் வருகிறார். அவர் ஏன் ஈரச் சட்டையோடு மூன்று மாடி ஏறப்போகிறார்? தூய தமிழ்ப் பக்கம் நிற்பவர்கள் 'பனிக்கட்டி வழங்குநர்' என்கிறார்கள். வழங்குநர் என்றால் நமக்கு அலுவலகக் கடிதம்தான் நினைவுக்கு வரும். இணையச் சேவை வழங்குநர், காப்பீடு வழங்குநர் என்று. அடுப்படியில் நின்றுகொண்டு எந்தப் பெண்ணாவது "வழங்குநர் வந்துவிட்டார்" என்று கத்துவாளா? வாயில் வராத சொல்லைப் பாத்திரத்தின் வாயில் திணிப்பதை எப்படித் தமிழ்த் தொண்டு என்கிறார்களோ!

இன்னொன்று, அந்தப் 'பனிக்கட்டி'. பாடப்புத்தகம் தந்த சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊர்ப் பனி கட்டியாகிற பனி இல்லையே. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும். அதைக் கட்டியாக அறுத்து யாரும் விற்றதில்லை. சமவெளித் தமிழன் வானத்திலிருந்து கட்டியாக விழக் கண்டது ஆலங்கட்டி ஒன்றைத்தான். அதற்கு 'ஆலி' என்ற அழகான பழஞ்சொல்லும் உண்டு. பனி, வெண்பனி, உறைபனி, பனிப்பாறை என்று குளிர்நாட்டுச் சுமை முழுவதையும் 'பனி'யின் தலையிலேயே ஏற்றிவிட்டோம். அது போதாதென்று மனிதனையும் தூக்கி வைத்தால் என்னாவது?

மக்கள் வாயில் இருப்பது ஐஸ்தான். அதற்கு வரலாறும் உண்டு. பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்கள் குளிர்காலத்தில் உறையும்போது பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் அது கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க ஒரு கட்டடமே எழும்பியது. 1897இல் விவேகானந்தர் தங்கியது அதே கட்டடத்தில்தான். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் பேட்டையின் பெயர் ஐஸ் ஹவுஸ், காவல் நிலையத்தின் பெயரும் ஐஸ் ஹவுஸ். 'பனிக்கட்டி இல்லம்' போகணும் என்று ஆட்டோவில் ஏறிப் பாருங்கள்.

அப்படியானால் 'ஐஸ்காரர்' என்று எழுதிவிடலாமா? என் அத்தை அப்படித்தான் சொன்னார், எனக்கும் ஆசைதான். ஒரே ஒரு இடைஞ்சல். ஐஸ்காரர் என்றால் நமக்கு சைக்கிள் கேரியரில் பெட்டி, பால் ஐஸ், சேமியா ஐஸ். திரையில் படம் இருந்தால் குழப்பமில்லை. எழுத்தில் படிப்பவர் குச்சி ஐஸைத்தான் நினைப்பார். ஆகவே என் ஓட்டு 'ஐஸ்கட்டிக்காரர்' என்பதற்கு. சர்பத் கடை வாசலில் காலையில் மூன்று சக்கர வண்டி வந்து நிற்கும். ஈரச் சாக்கை விலக்கி, நீளமான ஐஸ் பாரைத் தரையில் சரித்து, கட்டையால் நான்கு தட்டு தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார் ஒருவர். அவருக்கும் நியூயார்க் ஆளுக்கும் தொழில் ஒன்றுதான். சாக்குக்குப் பதில் அங்கே தோல் விரிப்பு.

அந்த வீடுகளில் ஜன்னலில் ஓர் அட்டை வைப்பார்கள். நான்கு பக்கமும் 25, 50, 75, 100 என்று எண்கள். இன்றைக்கு எத்தனை பவுண்டு வேண்டுமோ அந்த எண் மேலே வரும்படி திருப்பி வைத்தால் போதும். வண்டியில் இருந்தபடியே பார்த்துவிட்டு, அந்த அளவுக்கு உடைத்து எடுத்து வருவார். அவர் மாடிக்குப் போன நேரம் பார்த்துப் பிள்ளைகள் வண்டியில் ஏறிச் சில்லு பொறுக்கித் தின்னும். கொண்டுவந்த பாளம் போகிற இடம் 'ஐஸ் பாக்ஸ்'. இதைக் 'குளிர்சாதனப் பெட்டி' என்று எழுதுவது அடுத்த அநியாயம். மின்சாரமே நுழையாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டி! "குளிர்சாதனப் பெட்டியில் பனிக்கட்டி தீர்ந்துவிட்டது" என்ற வரியைப் படித்த எவருக்கும், இவள் ஏன் தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கவில்லை என்றுதான் தோன்றும். அது மரத்தால் செய்து உள்ளே தகரமோ துத்தநாகமோ அடித்த அலமாரி. மேல் அறையில் ஐஸ், கீழ்த்தட்டில் பாலும் வெண்ணெயும், அடியில் உருகிய தண்ணீர் விழ ஒரு தட்டு. தட்டைக் கொட்ட மறந்தால் அடுப்படி முழுக்க வெள்ளம். 'ஐஸ் பெட்டி' என்றும் சொல்லலாம். ஆனால் நம் ஊரில் இன்று ஐஸ் பெட்டி என்றால் ஒன்று மீன், இல்லையென்றால் சாவு வீடு. அதில் பால் வைத்தாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'ஐஸ் அலமாரி' என்பேன். ஐஸ் என்றதும் முகம் சுளிப்பவர்கள், அலமாரி போர்ச்சுகீசியர் கொடுத்தது என்பதைக் கவனிப்பதேயில்லை; அப்படிப் பழகிவிட்டது.

ஐஸ்கட்டிக்காரருக்குப் பங்காளி ஒருவர் உண்டு: வீட்டுக்கு நிலக்கரி கொண்டுவந்து போடும் 'கோல்மேன்'. இவரை 'நிலக்கரி மனிதன்' ஆக்கியதையும் பார்த்துவிட்டேன். கரிக்காரர் என்றாலே போதும் என்று முதலில் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததும் புரிந்தது. பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்ட காலம் இது. "கரிக்காரர் வந்தாச்சு" என்று குரல் கொடுத்தால், அத்தை அரைக் கிலோ ஆட்டுக்கறிக்குப் பாத்திரம் எடுப்பார். போதாக்குறைக்கு, வெறும் கரி என்றால் நம் பழைய வீடுகளில் குமுட்டி அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போட்ட மரக்கரி. இது வேறு, மண்ணிலிருந்து வெட்டியது.

லண்டன் கதை என்றால் 'கரிமூட்டைக்காரர்' கச்சிதமாகப் பொருந்தும். அங்கே மூட்டை ஒன்று 112 பவுண்டு, அதாவது சுமார் ஐம்பது கிலோ. முதுகில் சுமந்து வந்து, நடைபாதையில் வட்ட இரும்பு மூடியைத் தூக்கிவிட்டு, கீழே இருக்கும் நிலவறைக்குள் கொட்டுவார். 1952 டிசம்பரில் கரிப்புகை மூட்டம் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று, 1956இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்த பிறகுதான் அந்த நகரம் கொஞ்சம் கொஞ்சமாக இந்த வழக்கத்தைக் கைவிட்டது. அமெரிக்கக் கதை என்றால் பார்த்து எழுத வேண்டும். அங்கே பல இடங்களில் மூட்டை கிடையாது. வண்டியிலிருந்து தகரச் சரிவு வழியாகக் கடகடவென்று நேராக நிலவறைக்குள் இறக்கிவிடுவார்கள். அங்கே 'கரிவண்டிக்காரர்'.

டப்பிங் வசனம் எழுதும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உதட்டசைவுக்குப் பொருந்தணுமே" என்றார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். ப-னி-ம-னி-தன், ஐந்து அசைவு. ஐஸ்-கட்-டிக்-கா-ரர், அதுவும் ஐந்துதான்.