கோத் பர்வ: சொல் விளக்கம்

1846 செப்டம்பரில் காத்மாண்டு அரண்மனையை ஒட்டிய ஒரு முற்றத்தில் ஒரே இரவில் நடந்த கொலைகளைத்தான் நேபாளிகள் ‘கோத் பர்வ’ என்கிறார்கள். இதைத் தமிழில் ‘கோட்’ என்று எழுதினால் கோட்டை என்று பொருள் மாறிவிடும். நேபாளியில் ‘கோட்’ கோட்டை, ‘கோத்’ ஆயுதங்களை வைக்கும் இடம். என்.சி.சி.யிலோ ராணுவத்திலோ இருந்தவர்களுக்கு இது பழகிய சொல்தான், துப்பாக்கியை வாங்கித் திரும்ப ஒப்படைக்கும் அறைக்கு அங்கேயும் கோத் என்றுதான் பெயர். இதற்குத் தமிழில் படைக்கலக் கொட்டில் என்ற நல்ல சொல் இருக்கிறது; தொண்டைமான் ஔவையாருக்குக் காட்டியது அதைத்தான் என்கிறது புறநானூறு 95ஆம் பாட்டின் குறிப்பு.

அடுத்து, ‘பர்வ’. மகாபாரதத்தின் பிரிவுக்கு வழங்கும் அதே சொல், வில்லிபாரதத்தில் ‘பருவம்’. நேபாளியில் பெரிய வரலாற்று நிகழ்வையும் இப்படிச் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்: அதில் கொலை என்பதே இல்லை.

நடந்தது என்ன? அரசர் ராஜேந்திராவின் மனைவி ராணி ராஜ்யலட்சுமிக்கு நெருக்கமான தளபதி ககன் சிங் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவனைக் கண்டுபிடிக்க ராணி அதிகாரிகளை எல்லாம் இரவோடு இரவாகக் கோத்துக்கு வரவழைத்தாள். தளபதிகளில் ஒருவரான ஜங் பகதூர் தம்பிகளோடும் தன் படையோடும் வந்தார். விடிவதற்குள் பிரதமர் ஃபத்தே ஜங் ஷா உட்பட 30, 40 பேராவது செத்திருந்தார்கள்; இதைவிடப் பெரிய எண்ணிக்கை சொல்பவர்களும் உண்டு. ஜங் பகதூர் பிரதமரானார், அதில் தொடங்கிய ராணா ஆட்சி, அதாவது அவர் குடும்பத்தாரே பரம்பரையாகப் பிரதமராக இருந்த ஆட்சி, 1951 வரை நீடித்தது.

ககன் சிங்கைக் கொன்றது யார் என்பதில்தான் இன்றுவரை சண்டை. அரசர் ராஜேந்திராவின் சம்மதத்தோடு பிரதமர் தரப்பு செய்தது என்பது ஒரு கதை, ஜங் பகதூரே செய்தார் என்பது இன்னொன்று. தளபதி அபிமான் சிங் குத்துப்பட்டுச் சாகும்போது ஜங் பகதூர்தான் கொலைகாரர் என்று கத்தியதாகவும் சொல்வார்கள். ராணா தரப்பு எழுதியதில் எல்லாமே திடீரென மூண்ட கைகலப்பு. ஆனால் படையை முன்கூட்டியே வாசலில் நிறுத்தி வைத்தவர் யார், மறுநாள் பதவிக்கு வந்தவர் யார் என்று பார்த்தால் அதை நம்புவது கஷ்டம்.

அதனால் தமிழில் ‘கோத் படுகொலை’ என்றே எழுதலாம், ‘கோத் சம்பவம்’, ‘கோத் மோதல்’ இரண்டும் வேண்டாம். 2001 ஜூனில் நாராயண்ஹிட்டி அரண்மனையில் மன்னர் பிரேந்திரா குடும்பத்தோடு சுடப்பட்டதை நேபாளிகளே ‘தர்பார் ஹத்யாகாண்ட’ என்றுதான் சொல்கிறார்கள். ஹத்யா என்றால் கொலை.